சாகக் கூப்பிடவில்லை, தோழர்களே

மழைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. அதற்குள் இரண்டே முக்கால் ஏக்கர் பற்றைக்காட்டை வெட்டி, வேர் கிளறி, உழுது, காலபோக விதைப்புக்கு ஆயத்தமாக்க வேண்டும். முடியாவிட்டால் அந்தக் காணி இன்னொரு வருஷம் பற்றையாகவே கிடக்கும். பற்றையாகக் கிடந்தால் அதைக் காடு என்பார்கள். காடு என்று வரைபடத்தில் பச்சை தீட்டிவிட்டால், பிறகு அதற்குள் கால் வைக்கிற சொந்தக்காரிதான் குற்றவாளி.

தோழர்களே, ஆகவே நீட்டி முழக்க எனக்கு நேரமில்லை. ஆனாலும் கொஞ்சம் நீளும். முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் நின்ற வாய்.

கடந்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் புளியங்குளம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் உங்களில் ஐந்தாறு பேர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ஒளித்து நின்று கேட்கவில்லை. நான் நெடுங்கேணி பஸ்ஸுக்குக் காத்து நின்றேன், நீங்கள் மெல்லப் பேசத் தெரியாதவர்கள். இந்தப் பற்றைக்காட்டுக்குச் சொந்தக்கார அம்மாவின் காணிக்குள் ஒரு திணைக்களம் நட்டுவிட்டுப் போன சிவப்பு இலக்கக் கட்டைகளை இரவோடிரவாகப் பிடுங்கி எரிப்பது என்று முடிவாகியிருந்தது. ஒருவன் அதற்கு மேலும் போனான். அடுத்த முறை அளக்க வருகிற வாகனம் முழுசாகத் திரும்பிப் போகக்கூடாது என்றான். மேசைக்கு அடியில் ஓர் அலவாங்கு கிடந்தது. என்னைக் கண்டதும் எல்லோரும் எழும்பி நின்றீர்கள். "ரீச்சர், இதுக்குள்ள நீங்கள் வராதேங்கோ" என்றான் ஒருவன். நான் ஒன்றும் பேசாமல் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்பாரோ என்று பயமாக இருந்தது. அது இப்போது என் வீட்டுத் தாவாரத்தில் சாத்திக் கிடக்கிறது.

உங்கள் கோபத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்த அம்மா தன் சொப்பின் பையை அவிழ்த்துக் காட்டியபோது எனக்கும் கை நடுங்கியது. பைக்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று. தகப்பன் பெயரில் 1980களில் கொடுக்கப்பட்ட காணி அனுமதிப்பத்திரம் மடிப்பு மடிப்பாக நான்கு துண்டாகி, பின்பக்கம் ஒட்டிய செலோரேப் மஞ்சளாகிப் போயிருந்தது. பழைய பங்கீட்டு அட்டை ஒன்று. புருஷனின் அடையாள அட்டையின் பிரதி. 1977 கலவரத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து உடுத்த உடுப்போடு ஓடிவந்த குடும்பம் அது. அந்தப் பை கிளிநொச்சிக்கும், விசுவமடுவுக்கும், புதுக்குடியிருப்புக்கும், முள்ளிவாய்க்காலுக்கும் போய், வட்டுவாகல் பாலம் தாண்டி, மெனிக் பாம் கூடாரத்தில் கிடந்து திரும்பி வந்திருக்கிறது. மனுசனைப் பறிகொடுத்தவ பையைப் பறிகொடுக்கவில்லை. "இதை ஒருக்கா வாசிச்சுப் பார்க்கச் சொல்லுங்கோ அவையளை" என்றா. அவ்வளவுதான். கட்டையைப் பிடுங்கச் சொல்லவில்லை. வாகனத்தைக் கொளுத்தச் சொல்லவில்லை.

நீங்கள் அவவிடம் கேட்டீர்களா?

கேட்கவில்லை. கட்டை காணாமல் போன விடியலில் பொலிஸ் யாருடைய படலையைத் தட்டும் என்றும் யோசிக்கவில்லை. உங்களுடையதைத் தட்டாது. உங்கள் முகம்தான் இருட்டில் இருந்ததே. அவவின் படலையைத் தட்டும். உங்கள் வீரத்துக்கு அவ காசு கட்ட வேண்டி வரும். சத்தியாக்கிரகம் என்ற பெரிய சொல்லுக்குள் இருக்கிற கணக்கு இவ்வளவுதான்: எதிர்க்கிறவனே எதிர்ப்பின் செலவையும் ஏற்க வேண்டும். பெயரைச் சொல்லி, பகலில், முகத்தைக் காட்டிச் செய்ய வேண்டும் என்பது அதனால்தான். இருட்டில் செய்தால் செலவு யாரோ ஒருவர் தலையில் போய் விழும். எப்போதும் அது அங்கே நிற்கிற ஏழையின் தலையாகவே இருக்கும்.

நீங்கள் தேத்தண்ணி குடிக்கிற அந்தச் சந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997 மே 13ஆம் திகதி ஜயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியது. வெற்றி நிச்சயம் என்று அதற்குப் பொருள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியைத் திறக்கிறோம் என்று வந்தார்கள். மாதக்கணக்கில் இந்தச் சந்திக்காகச் சண்டை நடந்தது. இராணுவம் பிடித்தது. 1999 நவம்பரில் ஓயாத அலைகள் மூன்றில் புலிகள் திரும்பப் பிடித்தார்கள். 2002இல் பாதை திறந்தபோது ஓமந்தையில் இராணுவத்தின் சாவடி, இங்கே புலிகளின் சாவடி. இரண்டிலும் இறங்கிப் பையைத் திறந்து காட்டினோம். 2008 கடைசியில் மறுபடியும் இராணுவம். ஒவ்வொரு தடவையும் வெற்றி நிச்சயமாகத்தான் இருந்தது.

செத்தவர்களைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. என் பழைய வரவுப் பதிவேடுகளில் பாதிப் பெயருக்கு நேரே நான் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருக்கிறேன். இடைவிலகல் என்று எழுதச் சொல்லிச் சுற்றறிக்கை இருந்தது, எழுதினேன். எங்கே விலகினார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான், இன்று இருபது வயதில் இருக்கிற உங்களிடம் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்: துவக்கால் எடுத்த சந்தி மூன்று தரம் துவக்காலேயே போனது. அந்தச் சொப்பின் பைக் கடதாசி இன்னும் அவவின் கையில்தான் இருக்கிறது.

அகிம்சை என்றதும் உங்கள் கண்முன் வருவது எது என்று நான் கேட்டிருக்கிறேன். நல்லூர் வீதியில் 1987 செப்டெம்பரில் பன்னிரண்டு நாள் தண்ணீரும் தொடாமல் கிடந்து இறந்த திலீபன். அடுத்த வருஷம் மட்டக்களப்பு மாமாங்கத்தில் ஒரு மாதம் பட்டினி கிடந்து இறந்த அன்னை பூபதி. இருவரையும் நான் கும்பிடுகிறேன். ஆனால் அந்த இரு படங்களும் நம் மனசில் ஒரு கோளாறைச் செய்துவிட்டன. துவக்கு எடுத்தாலும் சாவு, எடுக்காவிட்டாலும் சாவு என்று நம்பத் தொடங்கிவிட்டோம். சாவதற்கு இன்னொரு மரியாதையான வழிதான் அகிம்சை என்று படித்துக்கொண்டோம். யார் அப்படிச் சாகத் தயார் என்று பார்த்து, யாரும் இல்லையென்றதும், சரி, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று தேத்தண்ணிக் கடையில் குந்திவிட்டோம்.

இதைவிட வேறொரு கதை இந்த மண்ணிலேயே இருக்கிறது. உங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. எங்கள் தலைமுறையின் குற்றம் அது.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து ரயிலிலும் லொறியிலும் வவுனியாவுக்கு வந்து இறங்கிய சனத்துக்கு, மேடையில் பேசியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மண்வெட்டி கொடுத்தவர்கள் சிலர்தான். அவர்களில் இருவர் எஸ். ஏ. டேவிட்டும் டொக்டர் ராஜசுந்தரமும். டேவிட் கட்டடக் கலைஞர், தீவகத்துக் கரம்பனைச் சேர்ந்தவர், கலியாணம் செய்யாதவர், கைக்காசைப் போட்டுப் பண்ணை தொடங்கியவர். ராஜசுந்தரம் வவுனியாவில் வைத்தியம் பார்த்தவர். இவர்கள் நடத்திய அமைப்பின் பெயர் காந்தீயம். குடியேற்றங்களில் கிணறு வெட்டினார்கள். நடமாடும் வைத்தியம் செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஊர் ஊராகப் பாலர் பாடசாலை தொடங்கினார்கள், அவற்றை நடத்தக் கிராமத்து இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

என் அக்கா அதற்குப் போனவ. எனக்கும் போக ஆசை; பதினாறு வயது என்று அப்பா விடவில்லை. அக்கா மாதத்துக்கொருக்கா வீட்டுக்கு வருவா. காலெல்லாம் புழுதி வெடிப்பு, கை நிறையக் கடதாசிப் பூ, வாய் நிறையப் பாட்டு. ஒரு பாலை மரத்தடியில் முப்பது பிள்ளைகள், ஒரே ஒரு கரும்பலகை, அதுவும் கரி பூசிய பெட்டிப் பலகை. பிள்ளைகளுக்குக் கை கழுவப் பழக்கவே இரண்டு மாதம் பிடித்தது என்று சிரிப்பா. அப்பாவுக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "உதாலயோ தமிழனுக்கு உரிமை வரப்போகுது?" என்று கேட்பார். அரசாங்கத்துக்கு மட்டும் அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. ஓடிவந்தவன் திரும்பி ஓடாமல் ஓர் இடத்தில் வேர் விட்டுவிட்டால், பிள்ளை அங்கேயே எழுத்துப் படித்துவிட்டால், அவனை அசைக்க முடியாது என்பதை அவர்கள் எங்கள் அப்பாவைவிட விரைவாக விளங்கிக்கொண்டார்கள்.

1983 ஏப்ரலில் இருவரையும் பிடித்தார்கள். யூலையில் வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாள் கொலை நடந்தது. 25ஆம் திகதி 35 பேர், 27ஆம் திகதி 18 பேர். இரண்டாம் நாள் கொல்லப்பட்டவர்களில் ராஜசுந்தரமும் ஒருவர். கதவை உடைத்துக்கொண்டு வந்தவர்களிடம் அவர் முன்னால் போய்ப் பேசிப் பார்த்தார் என்று, உயிர் தப்பிய டேவிட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். டேவிட் அதன்பின் பல வருஷம் சென்னையில் அகதியாக இருந்து, முதுமையில் திரும்பி வந்து, 2015 ஒக்டோபரில் கிளிநொச்சியில் கண்மூடினார்.

இங்கே ஒன்றை மூடிவைக்க மாட்டேன். காந்தீயத்துக்குள் ஆயுத இயக்கத்தோடு தொடர்புள்ளவர்களும் இருந்தார்கள். அதைக் காட்டித்தான் கைதுகள் நடந்தன. கொல்வதற்கு அது நியாயமாகாது. ஆனால் ஒரு கையால் பாலர் பாடசாலையும் மறு கையால் இன்னொன்றும் நடத்தினால், அடிக்க வருகிறவனுக்கு நாமே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உங்கள் கூட்டத்தில் ஒருவன் வாகனத்தைக் கொளுத்தினால் போதும், பகலில் மண்வெட்டி பிடிக்கிற மற்ற நாற்பது பேரும் கொளுத்தியவர்களாகிவிடுவீர்கள்.

இனிச் சொல்லப்போவதைக் கேட்க உங்களில் சிலருக்குப் பிடிக்காது. எனக்கும் எழுதப் பிடிக்கவில்லை.

சந்தியில் கிழக்கே பிரிகிற வீதி நெடுங்கேணிக்குப் போகிறது. அதையும் தாண்டிப் போனால் டொலர் பாம், கென்ற் பாம் என்ற இரண்டு பண்ணைகள். 1977க்குப் பிறகு மலையக அகதிகள் குடியிருந்த மண் அது. 1984இல் அவர்களை அடித்துத் துரத்திவிட்டு, அங்கே சிங்களச் சிறைக்கைதிகளையும் குடும்பங்களையும் கொண்டுவந்து இருத்தினார்கள். அந்த வருஷம் நவம்பர் 30ஆம் திகதி புலிகள் போய் அந்தச் சனத்தை வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்கள், பெண்களும் பிள்ளைகளும் உட்பட. இரண்டு நாள் கழித்து, நெடுங்கேணிக்குப் பக்கத்து ஒதியமலையில் தமிழ் ஆண்களைச் சனசமூக நிலையத்துக்குக் கூட்டிப்போய் இராணுவத்தினர் சுட்டார்கள். ஒதியமலைக்கு நாம் ஒவ்வொரு டிசம்பரும் விளக்கேற்றுகிறோம். ஏற்றத்தான் வேண்டும்.

டொலர் பாமுக்கு?

காணி எங்கள் சனத்தினுடையதுதான். துரத்தியது அநியாயம்தான். அங்கே செத்துப் போன குழந்தை அந்தக் காணியைப் பிடிக்கவில்லை. இந்த மூன்று வசனத்தையும் ஒன்றாகச் சொல்லப் பழக வேண்டும், நடுவில் "ஆனால்" என்ற சொல்லைப் போடாமல். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம் சனத்தைச் சில மணி நேரம், சில நாள் தவணை கொடுத்துத் துரத்தியதையும் அப்படியே சொல்ல வேண்டும். அவர்களிடமும் உறுதிக் கடதாசி இருந்தது, சொப்பின் பை இருந்தது. எதிராளியின் கொலையை மட்டும் எண்ணுகிற ஆளுக்கு அகிம்சை ஒரு தந்திரம்தான். நேரம் மாறினால் அவன் கையும் மாறும். அதைச் சிங்கள அதிகாரி மணந்து பிடித்துவிடுவான், அவன் மூக்கு மோசமில்லை.

வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் எழுதினார். அது முப்பத்து மூன்றாவது. அதற்கு முன்னால், முப்பத்திரண்டாவதாக இன்னா செய்யாமையை வைத்தார். அந்த ஒழுங்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொல்லாமல் இருப்பது கடைசிப் படி. அதற்கு முந்தியே, நோகச் செய்யாமல் இருக்கப் பழக வேண்டும். நாம் தலைகீழாகப் போகிறோம். 2009க்குப் பிறகு நாம் யாரையும் சுடவில்லை என்று பெருமைப்படுகிறோம். துவக்கே இல்லாதவன் சுடாமல் இருப்பதில் என்ன புண்ணியம்? பல்லில்லாத கிழவன் முறுக்கைத் துறந்த மாதிரி. நம் கையில் பலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பரீட்சை. வீட்டுக்குள் பெண்சாதி மேல் இருக்கிறது. கசிப்புக் குடித்துவிட்டு வருகிற இரவுகளில் பிள்ளைகள் மேல் இருக்கிறது. இந்த அம்மாவின் குடியிருப்பு மேலும் இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். நாற்பது வருஷமாக அவர்களைத் தோட்டக்காட்டார் என்று சொல்லிக்கொண்டு, குளத்துத் தண்ணீரில் அவர்களுக்குக் கடைசி முறை விட்டவர்கள் யார்? திணைக்களமா? எங்கள் கமக்காரர் கூட்டத்தில் கையை உயர்த்தி முடிவெடுத்தது அது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். கை உயர்த்தவில்லை, எழும்பிப் பேசவும் இல்லை.

இப்போது உங்கள் கேள்வி. கடையில் ஒருவன் கேட்டதுதான்: "அகிம்சையைப் பார்த்தாச்சுத்தானே ரீச்சர், செல்வநாயகம் ஐயா இருந்தவர், அடிதானே விழுந்தது?"

விழுந்தது. 1956 யூன் 5ஆம் திகதி காலிமுகத்திடலில் சும்மா இருந்தவர்களைக் காடையர்கள் அடித்தார்கள், பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. 1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் தொடங்கிய மறியல் வவுனியா, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என்று பரவி, வடக்குக் கிழக்கில் அரச நிர்வாகத்தையே நிறுத்தியது. தமிழரசுத் தபால் சேவை என்று முத்திரை கூட வெளியிட்டார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம், இராணுவம், தலைவர்கள் தடுப்புக்காவலில். அதோடு முடிந்தது.

ஏன் அதோடு முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டு மாதம் கச்சேரி வாசலில் இருந்த சனம், வாசலிலிருந்து எழும்பிய பிறகு செய்வதற்கு ஒரு வேலை வைத்திருக்கவில்லை. தலைவர்களைத் தூக்கியதும் போராட்டத்தையே தூக்கிய மாதிரி ஆகிவிட்டது. கச்சேரி வாசலை இராணுவத்தால் காலி செய்ய முடியும். ஊர் ஊராகப் பாலை மரத்தடியில் நடக்கிற பள்ளிக்கூடத்தை அப்படி ஓர் இரவில் காலி செய்ய ஏலாது. அதற்காகத்தான் காந்தீயத்தை உங்களுக்குச் சொன்னேன்.

காந்தி வடக்கத்தியான், அந்தச் சரக்கு நமக்கு ஒத்துவராது என்று இன்னொருவன். தம்பி, அந்தச் சரக்கு முதலில் விலைபோனது நம் சனத்திடம்தான். தென்னாபிரிக்காவில் காந்தியோடு சிறைக்குப் போனவர்களில் பெருந்தொகை தமிழ்க் கூலிகள். தில்லையாடி வள்ளியம்மை பதினாறு வயதில் சிறைக்காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பெப்ரவரி 22ஆம் திகதி செத்துப்போனாள். தமிழ்நாட்டில் 1968 கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டன, 44 பேர். அந்தச் சாம்பலைப் பார்த்துவிட்டு அங்கேயே போய்க் குடியிருந்தவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். 1981இல் லாப்டி என்ற அமைப்பை வைத்து, நிலச்சுவான்தாரோடு பேசி, வங்கிக் கடன் எடுத்து, ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கூலிக்காரப் பெண்களின் பெயருக்கே மாற்றிக் கொடுத்தார்கள். பழிக்குப் பழி என்று போயிருந்தால் அந்தப் பெண்களின் கையில் காணி வந்திருக்காது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் முல்லைத்தீவுக்குப் போங்கள். கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில் 2017 ஜனவரி 31ஆம் திகதி பெண்கள் விமானப்படை முகாம் வாசலில் போய்க் குந்தினார்கள். பிள்ளைகள் அங்கேயே படித்தார்கள், அங்கேயே சமைத்தார்கள், பனியில் படுத்தார்கள். மார்ச் 1ஆம் திகதி சுமார் 40 ஏக்கர் திரும்ப வந்தது. கேப்பாப்புலவு முழுவதும் வரவில்லை என்பதும் உண்மை. இரணைதீவுச் சனம் 1992இல் இடம்பெயர்ந்தது. கடற்படை தீவைப் பிடித்து வைத்திருந்தது. கரையில் ஒரு வருஷம் போராட்டம் இருந்து பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே போய் இறங்கினார்கள். பகலில் போனார்கள். சொல்லிவிட்டுப் போனார்கள். கடற்படை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. இன்றைக்கும் அங்கே அந்தச் சனம் கடல்தொழில் செய்கிறது.

இதோ பக்கத்தில் வெடுக்குநாறிமலை. 2024 மார்ச் 8ஆம் திகதி சிவராத்திரிப் பூசையில் எட்டுப் பேரைப் பிடித்துப் போனார்கள். உள்ளே சிலர் சாப்பாட்டை மறுத்தார்கள், வெளியே சனம் வீதிக்கு வந்தது. 19ஆம் திகதி வவுனியா நீதிமன்றம் எட்டுப் பேரையும் விடுவித்தது. அந்த மலையடியில் ஒருவன் கல் எடுத்திருந்தால் அந்த வழக்கு எப்படிப் போயிருக்கும்?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வவுனியாவில் 2017 பெப்ரவரி 24ஆம் திகதியிலிருந்து வீதியோரக் கொட்டிலில் இருக்கிறார்கள். பதில் வரவில்லை. வடக்குக் கிழக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் பதில் வராமலே செத்துப் போனார்கள். இதை வெற்றி என்று நான் கணக்குக் காட்ட மாட்டேன். நீங்கள் அந்தக் கொட்டிலுக்கு எத்தனை முறை போயிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். அந்த மனுசிமாருக்கு ஒரு நாள் மத்தியானம் ஒரு பாசல் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் இருக்க வீரம் தேவையில்லை. அதனால்தான் யாரும் போவதில்லைப் போலும்.

சரி, வேலைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காணியில் என்ன செய்யப்போகிறோம் என்று கிராம சேவகருக்கும், வவுனியா வடக்குப் பிரதேச செயலாளருக்கும், பொலிசுக்கும், அந்தத் திணைக்களத்துக்கும் கடிதம் கொடுத்தாயிற்று. எத்தனை மணிக்கு வருவோம், எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று எழுதியிருக்கிறேன். மண்வெட்டி, கத்தி, கோடாலி, ஒரு லான்ட்மாஸ்டர். பிரதிகள் அந்த அம்மாவின் பைக்குள். அனுமதிப்பத்திரத்தின் அளவுக்குள்தான் வெட்டுவோம். ஒரு முழமும் மேலே போக மாட்டோம், பாலையையும் வீரையையும் தொட மாட்டோம், பற்றையும் உடையும்தான். கட்டைகள் நட்ட இடத்திலேயே நிற்கட்டும். அவற்றைச் சுற்றி உழுவோம். நெல் முளைத்து வரும்போது நடுவில் நிற்கிற கட்டையை ஒரு நீதவான் வந்து பார்க்கட்டும்.

கைது செய்வார்களா? செய்யலாம். முதல் பெயர் என்னுடையது என்று கடிதத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கைக்குழந்தை உள்ளவர்கள், வெளிநாட்டுக்குப் போகப் பத்திரம் போட்டிருக்கிறவர்கள், வழக்கு ஏற்கெனவே உள்ளவர்கள் சமையல் பக்கம் நில்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. பிடித்தால் ஓட வேண்டாம், இழுபட வேண்டாம், ஏச வேண்டாம். பொலிசாக வருகிற பொடியன் அநேகமாக மொனராகலையில் அல்லது அனுராதபுரத்தில் எங்களைப் போல ஒரு கமக்காரன் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பான். அவனுக்கும் தண்ணீர் கொடுங்கள். அவன் பாசையில் பேச சிங்களம் தெரிந்த மூன்று பேர் வேண்டும். இருவர் பெயர் தந்திருக்கிறார்கள், இன்னும் ஒருவர் தேவை. ஃபோனில் படம் எடுப்பவர் இருவர், மற்றவர்கள் ஃபோனைப் பைக்குள் வையுங்கள். நேரலை போட்டு வீரம் பேச வேண்டாம். கொடி வேண்டாம், எந்தக் கட்சிக்காரருக்கும் மேடை இல்லை. மண்வெட்டியோடு வந்தால் வரவேற்போம். முதல் நாள் இரவு குடித்தவர்கள் வீட்டிலேயே நித்திரை கொள்ளட்டும்.

அடுத்த கமக்காரர் கூட்டத்தில் தண்ணீர் முறையை நான் திரும்ப எடுப்பேன். அன்றைக்கும் வாருங்கள். இந்த முறை எழும்பிப் பேசுவேன், நீங்கள் பின்னால் நின்றால் குரல் கொஞ்சம் உரக்க வரும்.

தோழர் என்று நான் கூப்பிடுவதைக் கேட்டு உங்களில் சிலர் சிரிக்கிறீர்களாம். ரீச்சர் எப்போ இயக்கம் தொடங்கினவ என்று. சிரியுங்கள். ஆனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, நெடுங்கேணி வீதி பிரிகிற இடத்தில், பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் நில்லுங்கள். மத்தியானச் சோறு அந்தக் குடியிருப்புப் பெண்கள் சமைக்கிறார்கள். அவர்களின் கையால் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களும் வரத்தான் வேண்டும், முக்கியமாக அவர்கள். அலவாங்கை நான் கொண்டுவருகிறேன். அந்தக் காணியில் உடைவேர் ஆழம்.